வெற்று வரி

கல்லூரி வாங்கித்தந்த மென்பொருளின் உரிமம்
மார்ச் முப்பத்தொன்றோடு முடிந்துபோனது.
திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி:
புதுப்பிக்கவும்.
அது கேட்ட தொகைக்கு
எங்கள் துறை ஒரு வருஷம்
சோதனைக்குழாய் வாங்கிவிடும்.

பெர்னதெத்துதான் ஒரு பென்டிரைவ் கொடுத்தாள்.
"காசு வேணாம். மௌசும் வேணாம்.
எல்லாத்தையும் டைப் பண்ணணும், அவ்ளோதான்."

கறுப்புத் திரை.
ஓரத்தில் ஒரு குறி கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.
ஒரு மேற்கோள்குறி விட்டுப்போனால்
வாசலிலேயே நிறுத்திவைக்கும்.
முதல் வாரம் முழுக்கச் சண்டை.
அப்புறம் பழகிவிட்டது:
அச்சுக்குப் பெயர் சொன்னால் எழுதுகிறது,
எல்லை சொன்னால் நிற்கிறது.

கெடிலத்துப் பாலத்தின் மூன்றாம் தூணில்
சிவப்பும் வெள்ளையுமாய் ஓர் அளவுகோல்.
பூஜ்யத்திலிருந்து மூன்று மீட்டர்.
காலை ஆறரைக்குப் படகை இறக்குமுன்
அஞ்சாப்புலி அதைப் பார்த்து
எனக்கு ஓர் எண் அனுப்புவார்.
84.
86.
வணக்கம்கூடக் கிடையாது.

ஒருநாள்: 91 மாடு.
இரண்டு நாள் யோசித்துவிட்டு ஃபோன் செய்தேன்.
"எருமை சாஞ்சிக்கினு நின்னுதும்மா.
நம்பர மறைச்சிடிச்சி. ஒரு உத்தேசமா போட்டேன்."

கோப்பில் 91க்கு மேலே
# போட்டு, மாடு, உத்தேசம் என்று எழுதினேன்.
அந்தக் குறிக்குப் பின்னால் என்ன எழுதினாலும்
நிரல் தாண்டிப் போய்விடும்.
அந்த வரி மனிதர்களுக்கு.

நவம்பரில்
148.
203.
262.
291.

பிறகு நான்கு நாள் ஒன்றுமில்லை.
தேவனாம்பட்டினத்துக்கு லைன் கிடைக்கவில்லை.
மஞ்சக்குப்பத்தில் என் மாடிப்படியிலேயே
மூன்று படி தண்ணீர்.

ஐந்தாம் நாள்: 244.

சும்மா விட்டால் நிரல்
291க்கும் 244க்கும் நடுவே
ரூல்தடி வைத்ததுபோல் ஒரு கோடு இழுக்கும்,
ஆறு அந்த நாட்களில்
மெல்லப் படியிறங்கி வந்ததுபோல.
இன்னும் ஒரு சொல் சேர்த்தால்
கோட்டை வளைத்து, வழவழப்பாக்கி,
அழகாகவே பொய் சொல்லும்.

ஆனால் கோப்பில் அந்த இடத்தில்
ஒரு வரியை வெறுமனே விட்டுவிட்டால் போதும்.
பேனாவைத் தூக்கிவிடுகிறது.
நான்கு நாள் தள்ளி மறுபடி வைக்கிறது.

கூட்டத்தில் பொறியாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"என்ன மேடம், கோடு அறுந்து கிடக்கு?"
பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்:
"ஓசி சாஃப்ட்வேர்னா அப்படித்தான் சார்."
"சேத்து விட்ருங்க. பாக்க நல்லாருக்கும்.
சரி, வெள்ளம் உச்சத்துல எவ்ளோ?"

கட்டற்ற மென்பொருள் என்று
தமிழில் அதற்கு நல்ல பெயர் இருக்கிறது.
அதைச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.
படத்தை மூடி, கோப்பையே திறந்தேன்.
எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும், வெறும் எழுத்து.
291க்குக் கீழே இருந்ததை அவர்களே படித்தார்கள்:

# அளவுகோல் முழுகிவிட்டது
# அஞ்சாப்புலி படகோடு ஊருக்குள்
# பார்க்க ஆளில்லை, பார்த்திருந்தாலும் எண்ணில்லை

தாளில் அது ஒரு விரலகலம்.
அந்த வருஷத்தின் பெரிய தண்ணீர் அங்கேதான் நிற்கிறது,
வெள்ளையாக.

பொறியாளர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.
"மூணு மீட்டர் பத்தாது போல" என்றார்.
வேறெதுவும் தீர்மானமாகவில்லை. டீ வந்தது.

புது அளவுகோலை நானே வரைந்தேன்,
அதற்கும் காசில்லாத ஒரு செயலி இருக்கிறது.
ஐந்து மீட்டர், மில்லிமீட்டர் பிசகாமல்,
எண்கள் மட்டும் ஒருசாண் உயரம்.
படகிலிருந்தே தெரியணும் என்று அவர் கேட்டது.
திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டிக்கர் கடைக்காரர்
"யாரு வீட்டுப் பிள்ளைய அளக்கப் போறீங்க?" என்றார்.

படத்திலும் மேல் எல்லையை ஐந்தாக்கினேன்.
கோடு இப்போது அடியில் சிறிதாக ஓடுகிறது,
மேலே நிறைய இடம் சும்மா கிடக்கிறது.

இன்று காலை ஆறரை.
72.
மாடு இல்ல.